அம்மாவின் சீ.ஆர். கொப்பி

சனிக்கிழமை கொழும்புப் புறக்கோட்டைக் கடைத்தெருவுக்குப் போய்வந்த கால்வலி இன்னும் போகவில்லை. எட்டுப் பேருக்கு நத்தார் பரிசு. மொத்தம் 6,000 ரூபாய், ஆளுக்கு 750. திட்டம் என்னுடையது. கொப்பி அம்மாவுடையது. கோளாறு அங்கேதான்.

அந்தக் கொப்பி, கெட்டி அட்டை போட்ட பெரிய சீ.ஆர். கொப்பி, அலுமாரியில் கூறைச் சாறிக்குக் கீழே இருக்கிறது. நகை வங்கியில், கொப்பி வீட்டில். யார், எந்த வருசம், என்ன தந்தார்கள் என்று எல்லாம் அதில் உண்டு. "2017 - மேல்மாடி அங்கிள் - சுவர் மணிக்கூடு (ஓடவில்லை)." "2019 - முன்வீட்டு அன்ரி - பிளாஸ்ரிக் பெட்டி (மூடி இல்லை)." நாட்டின் கணக்கையும் யாராவது இப்படி எழுதியிருந்தால் 2022 பொருளாதார நெருக்கடியில் நாங்கள் வரிசை வரிசையாக நின்றிருக்க மாட்டோம்.

"ஆளுக்கேற்ற மாதிரி யோசிச்சு வாங்குவம் அம்மா" என்றேன்.

"முதல்ல கொப்பிக்கேற்ற மாதிரி வாங்கு. ஆளைப் பிறகு பாப்பம்."

இரண்டாம் மாடிப் பறங்கி அன்ரியின் கணக்கு கொப்பிக்கே அடங்காதது. டிசம்பரில் அவர் கேக் அனுப்புவார், ஒவ்வொரு துண்டும் செலோபேன் தாளில் சுற்றி. தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாதே, தீபாவளி முறுக்கு வரும்வரை அது எங்களிடம் இருக்கும். அதற்குள் நோன்புப் பெருநாள் வந்து, எதிர்வீட்டு வட்டிலப்பத்துக்குப் பதிலாக அதே தட்டு எதிர்வீட்டுக்குப் போய்விடும். சித்திரையில் கீழ்வீட்டிலிருந்து கொக்கிஸ் பலகாரம் சுமந்துகொண்டு எங்களிடமே திரும்பி வரும். நீலப்பூப் போட்ட தட்டு. அது யாருடையது என்று இப்போது நான்கு வீட்டுக்கும் தெரியாது. கேட்கத்தான் யாருக்கும் துணிவில்லை.

சரி, புறக்கோட்டை. வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ் ஏறி, கோட்டையில் இறங்கி, இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்புப் பள்ளிவாசலைத் தாண்டும்போதே வியர்வையில் பாதி ஆளாகிவிட்டேன். அம்மா வாடவில்லை. கொழும்பில் முப்பது வருசம் இருந்தும் அவருக்குச் சிங்களம் இரண்டே வசனம்: "கீயத?" "அடு கரன்ன." விலை கேட்பது ஒன்று, குறைக்கச் சொல்வது ஒன்று. இந்த இரண்டை வைத்துக்கொண்டே ஒரு குடும்பத்தைக் கரைசேர்த்திருக்கிறார்.

ஆனால் எதை எடுத்தாலும் அதற்கொரு அர்த்தம் வைத்திருந்தார். சவர்க்காரப் பெட்டி? "குளிக்கச் சொல்லுறம் எண்டு நினைப்பினம்." மேல்மாடி அங்கிளுக்கு மணிக்கூடு? "நீ தந்தது ஓடேல்லை எண்டு குத்திக் காட்டுறதோ?" கத்தி செற்? "விசரே உனக்கு? உறவு அறுந்துபோம்." துவாய்க்கு மட்டும் கெட்ட அர்த்தம் எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே மூன்று பேருக்குத் துவாய். மற்ற நால்வருக்குக் கோப்பைகள்.

கோப்பைக் கடைத் தம்பி தமிழிலேயே பேசினார். அம்மா விடாமல் "அடு கரன்ன" என்றார். "உம்மா, தமிழிலேயே கேளுங்க, குறைச்சுத் தாறன்" என்றார் அவர். கோப்பைக்கு இருபது ரூபாய் குறைக்க இருபத்தைந்து நிமிடம் போனது. வெயிலில் நின்று நான் குடித்த சோடாவின் விலை அந்த இலாபத்தை அப்படியே விழுங்கிவிட்டது. சுற்றுகிற தாள் வாங்கவே இல்லை. போன வருசம் எங்களுக்கு வந்த பரிசுத் தாள்கள் அம்மாவின் மெத்தைக்குக் கீழே மடிப்புக் கலையாமல் கிடக்கின்றன. அயன் பண்ணினால் புதிது.

ஏழு பேர் முடிந்தது. கையில் 750. எட்டாவது, எங்கள் பிளாட்ஸ் செக்யூரிட்டி ஐயா.

கொப்பியில் அவர் பெயரில் ஒரே வரிதான்: "2022 - காஸ் சிலிண்டர், மூன்றாம் மாடி." விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்று, 4,860 ரூபாய் கொடுத்து, ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கினால், கரண்ட் இல்லை, லிப்ட் இல்லை. உள்ளே இருக்கும் காஸ் மட்டும் 12.5 கிலோ, இரும்பின் பாரம் வேறு. அந்த மனிதர் ஒன்றும் பேசாமல் தோளில் ஏற்றினார். மேலே வந்தவருக்கு அம்மாவால் கொடுக்க முடிந்தது வெறும் தேத்தண்ணி. பால்மா ஏது? பெறுமதி எழுதுகிற இடத்தில் எல்லோருக்கும் ஒரு தொகை இருக்கிறது. அந்த வரிக்கு மட்டும் இல்லை.

"துவாயே குடுப்பமே" என்றேன். அம்மாவுக்குக் காது கேட்கவில்லை. குடைக் கடைக்குள் போய்விட்டார். மழையில் ஓட்டோவிலிருந்து அம்மாவை லிப்ட் வரை கூட்டிக்கொண்டு போக செக்யூரிட்டி ஐயா பிடிக்கிற குடையில் மூன்று கம்பி முறிந்திருக்கிறதாம். தினமும் அதே வாசலால்தான் நானும் போய்வருகிறேன், எனக்குத் தெரியாது. பெரிய கறுப்புக் குடை, மரப்பிடி. 2,400 ரூபாய். அம்மா "கீயத?" என்று கேட்டார். மற்ற வசனம் வரவே இல்லை. மீதிக் காசை என்னிடம்தான் வாங்கினார். திட்டம் போட்டவள் நான் அல்லவா.

குடையைக் கொடுத்தபோது அவர் இரண்டு கையாலும் வாங்கி, "அம்மே" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் அவருக்குத் தமிழ் வரவில்லை, அம்மாவிடம் மிச்சச் சிங்களம் இல்லை. அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

இன்று காலை கதவைத் திறந்தால், வாசலில் ஒரு பை. ஊரிலிருந்து கொண்டுவந்தாராம், ஐந்து தேங்காய். தேங்காய் விற்கிற விலையில்! அம்மா ஒவ்வொன்றாகக் காதோடு வைத்து ஆட்டிப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைத் தேடினார்.

"பொங்கலுக்கு அந்த மனிசனுக்கு என்ன குடுக்கிறது?" என்கிறார். நான் பதில் சொல்லவில்லை. கொப்பி மேசையில் திறந்தபடி கிடக்கிறது: "செக்யூரிட்டி ஐயா - தேங்காய் 5 (ஒன்று முளைத்தது)."