‘கொழும்பு’ என்று எழுதியதும் நின்றுபோன நிரல்: என் முதல் பௌண்டி அனுபவம்

2024இல் ஒரு திறந்த மூல மென்பொருளில் (எவரும் நிரலைப் பார்த்துத் திருத்தம் அனுப்பலாம்) இருந்த வழுவைத் திருத்திக் கொடுத்து, பௌண்டி எனப்படும் பரிசாக 150 யுஎஸ்டிசி பெற்றேன். யுஎஸ்டிசி என்பது ஒரு டொலரோடு கட்டிய கிரிப்டோ நாணயம். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 45,000 இலங்கை ரூபா. வழுவைப் பிடித்துத் திருத்த நான்கு இரவுகள் போதுமாக இருந்தன. திருத்தம் ஏற்கப்பட மூன்று கிழமை ஆனது. அந்தப் பரிசை ரூபாவாகக் கையில் பார்க்க அதற்கு மேலும் இரண்டு கிழமை. இந்த மூன்றாவது பகுதியைப் பற்றித்தான் யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. வேலை தேடிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்பதால், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எனக்கு இந்த எண்ணம் வந்தது 2022இல். டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போன நாட்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டில் கரண்ட் வரும் நேரத்தைப் பார்த்துத்தான் லப்டொப்பைத் திறப்பேன். சம்பளம் ரூபாவில் வந்தது, சாமான் விலை டொலரோடு ஏறியது. வெளிநாட்டு வேலையொன்றைப் பகுதிநேரமாகச் செய்யலாம் என்றால், காசைப் பெறுவது பெரிய பாடு. உலகம் முழுக்கப் பாவிக்கும் இணையப் பணச் சேவையில் அப்போது இங்கிருந்து காசு அனுப்ப முடிந்தது, பெற முடியவில்லை. கிரிப்டோவில் தரும் பௌண்டி கண்ணில் பட்டது அப்போதுதான். ஆனால் துணிந்து இறங்க இரண்டு வருடம் ஆகிவிட்டது.

பௌண்டி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஒரு திட்டத்தில் இன்ன வழு இருக்கிறது, திருத்துபவருக்கு இவ்வளவு என்று அறிவிப்பார்கள். 2017இல் தொடங்கிய கிட்காயின் என்ற தளம் இந்த முறையைப் பலருக்கு அறிமுகப்படுத்தியது. இப்போது சில திட்டங்கள் தங்கள் சொந்த நிதியிலிருந்தே கொடுக்கின்றன. பாதுகாப்பு ஓட்டையைக் கண்டுபிடித்தால் கிடைக்கும் பரிசு வேறு ரகம். கிரிப்டோவை ஒரு வலையிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் வோர்ம்ஹோல் பாலத்தில் 2022இல் ஓட்டை கண்டவருக்கு ஒரு கோடி டொலர் கிடைத்தது. அந்தச் செய்தியைப் பார்த்து இங்கே வராதீர்கள். சாதாரண வழுவுக்கு 50, 100, 200 என்ற அளவில்தான் நான் பார்த்திருக்கிறேன்.

நான் எடுத்தது டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டெழுதும் திரையில்) ஓடும் ஒரு குறிப்பேட்டு நிரல், ரஸ்ட் மொழியில் எழுதியது. ‘எமோஜி போட்டால் சில வேளைகளில் நின்றுவிடுகிறது’ என்று யாரோ ஏழு மாதத்துக்கு முன் முறையிட்டிருந்தார். ‘சில வேளைகளில்’ என்பதுதான் சிக்கல். மற்றவர்கள் முயன்றபோது ஒழுங்காக ஓடியது, அதனால் வழு அப்படியே கிடந்தது. நான் நிறுவிப் பார்த்தேன், எமோஜி போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. சரி என்று சும்மா ஒரு குறிப்புக்குக் ‘கொழும்பு’ என்று தலைப்பு வைத்தேன். பட்டென்று நின்றது. திரையில் வந்த செய்தியின் பொருள் இது: 20ஆவது பைட் (கணினி எழுத்தைச் சேமிக்கும் சிறு அலகு) எழுத்தின் எல்லையில் இல்லை, அது ‘ப’ என்ற எழுத்துக்குள், 18க்கும் 21க்கும் இடையில் விழுகிறது.

அந்த ஒரு வரியை நான் எத்தனை தரம் வாசித்தேனோ தெரியாது. ஏழு மாதம் யாருக்கும் பிடிபடாதது எங்கள் ஊர்ப் பெயரில் அகப்பட்டிருந்தது. உடனே அம்மாவின் சாமான் பட்டியலை எடுத்து ‘மா சீனி பால்’ என்று தலைப்புப் போட்டேன். நிற்கவில்லை! அதுவும் தமிழ்தானே? கொப்பியை எடுத்துப் பென்சிலால் எண்ணத் தொடங்கினேன்.

கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், எமோஜிக்குப் பெரும்பாலும் நான்கு. தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று. எங்கள் கண்ணுக்குக் கொ, ழு, ம், பு என்று நான்கு எழுத்து. கணினிக்கு அது க, ொ, ழ, ு, ம, ், ப, ு என்று எட்டுக் குறி, 24 பைட். நிரல் எழுதியவர் ‘தலைப்பு 20 எழுத்தைத் தாண்டினால் வெட்டு’ என்று நினைத்து, 20 பைட்டில் வெட்டியிருக்கிறார். 20 மூன்றால் வகுபடாது. அதனால் இடைவெளியில்லாத தமிழில் கத்தி எப்போதும் ஓர் எழுத்தின் நடுவில் விழும். ரஸ்ட் அப்படிப் பாதி எழுத்தைத் தர மறுத்து நிரலையே நிறுத்திவிடும். ‘மா சீனி பால்’ தப்பியது அதில் இருக்கும் இரண்டு இடைவெளிகளால். இடைவெளிக்கு ஒரு பைட். மா 6, இடைவெளி 1, சீனி 12, இடைவெளி 1. சரியாக 20. கத்தி ஒழுங்கான இடத்தில் விழுந்துவிட்டது. எமோஜி ‘சில வேளைகளில்’ மட்டும் நிறுத்தியதன் காரணமும் இதுதான்.

இதற்குள் வேறு இரண்டு பேர் புல் ரிக்வெஸ்ட் (‘என் திருத்தத்தைச் சேருங்கள்’ என்ற வேண்டுகோள்) அனுப்பியிருந்தார்கள். ஒரு வரித் திருத்தம்: எல்லை கிடைக்கும் வரை பின்னால் நகர்ந்து அங்கே வெட்டு. நிரல் நிற்காதுதான். ஆனால் ‘பம்பலப்பிட்டி’ என்று போட்டுப் பார்த்தேன். ‘பம்பலப’ என்று வந்தது. புள்ளி போய்விட்டது. எங்களுக்குப் புள்ளியில்லாத ப வேறு எழுத்து. ‘நிற்கவில்லையே, போதாதா’ என்று விட என்னால் முடியவில்லை. எங்கள் மொழியில் எழுதுபவர் திரையில் பிழையான தமிழைப் பார்த்தால், இந்த நிரல் தனக்கானதல்ல என்று மூடிவிட்டுப் போவார். நானே அப்படி எத்தனை செயலிகளை மூடியிருக்கிறேன்.

ஆகவே திருத்தத்துக்கு முன் டெஸ்டை, அதாவது நிரல் சரியாக ஓடுகிறதா என்று தானாகச் சோதிக்கும் வரிகளை, எழுதினேன். கொழும்பு, பம்பலப்பிட்டி, மா சீனி பால், இரண்டு எமோஜி. வேலைத்தலத்தில் என்னோடு இருக்கும் சிங்களத் தோழி, கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி ஒளிந்திருக்கும் ஒரு சிங்களச் சொல்லைத் தந்தாள். அதையும் சேர்த்தேன். பிறகுதான் திருத்தம்: பைட்டை எண்ணாமல், எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோட் தரநிலை சொல்லும் எழுத்துக்கூட்டங்களை (கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரியும் குறிகளை) எண்ணி வெட்டுவது. ரஸ்டில் அதற்கென்றே ஒரு நூலகம் இருக்கிறது. என் திருத்தம் 11 வரி. டெஸ்ட் 60 வரிக்கு மேல். புல் ரிக்வெஸ்ட் விளக்கத்தில் பென்சில் கணக்கை அப்படியே ஒரு சிறு அட்டவணையாகப் போட்டேன். நிரலைப் பராமரிக்கும், தமிழ் ஓர் எழுத்தும் தெரியாத மெயின்டெய்னருக்கு வழு புரிந்தது அந்த அட்டவணையால்தான். அவரே அப்படி எழுதினார்.

இருந்தும் மூன்று கிழமை. ஒரு கிழமை பதிலே இல்லை. நான் ஒரே ஒரு தடவை, மரியாதையாக, ‘நேரம் கிடைக்கும்போது பாருங்கள்’ என்று எழுதினேன். ஓய்வு நேரத்தில் சும்மா உழைக்கும் மனிதரை நச்சரிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பிறகு கேள்விகள் வந்தன. வேகம் குறையுமா? அளந்து காட்டினேன். க்ஷ தரநிலைப்படி இரண்டு கூட்டமாக எண்ணப்படுகிறதே, பரவாயில்லையா? இது நல்ல கேள்வி. எனக்கு க்ஷ ஒரே எழுத்து. ஆனால் ஒரு சின்ன நிரல் தனக்கென்று தனி விதி வைத்தால் நாளை பராமரிப்பவருக்குத் தலையிடி. தரநிலையோடு போவோம் என்று சொல்லி, அந்த வரம்பைக் குறிப்பாக எழுதி வைத்தோம். ஒரு வியாழன் இரவு மெர்ஜ் ஆனது, அதாவது என் திருத்தம் நிரலில் சேர்ந்தது. அம்மாவை எழுப்பிச் சொன்னேன்.

அடுத்த நாளே, திட்டத்தின் பெயரைப் போலவே பெயர் வைத்த ஒரு கணக்கிலிருந்து செய்தி: ‘பரிசைப் பெற இந்த இணைப்பில் வாலட்டை (கிரிப்டோக் காசை வைத்திருக்கும் செயலி) இணைக்கவும்.’ தொடவில்லை. மெயின்டெய்னரிடம் நேரே கேட்டேன், அது போலி என்றார். வாலட்டைத் திறக்கும் உங்கள் 12 சொற்களை யாராவது கேட்டாலோ, பரிசை விடுவிக்க முதலில் கட்டணம் கட்டு என்றாலோ, அது திருட்டு. காசு தருபவருக்கு உங்கள் வாலட் முகவரி மட்டும் போதும். என் 12 சொற்களைத் தாளில் எழுதி, அம்மா உறுதிப்பத்திரங்கள் வைக்கும் கோப்பில் வைத்திருக்கிறேன். போனில் படம் எடுத்துக்கூட வைக்கவில்லை.

திட்டத்தின் நிதி மூன்று பேரின் பொறுப்பில் இருந்தது. இருவர் கையொப்பமிட்டால்தான் காசு நகரும். ஒருவர் பயணத்தில் இருந்ததால் ஐந்து நாள் போனது. பிறகு ஈதரியத்தின் மேல் ஓடும் ஆர்பிட்ரம் என்ற கிரிப்டோ வலையில் 150 யுஎஸ்டிசி வந்து விழுந்தது. முழு மகிழ்ச்சி. ஆனால் அதில் ஒரு சதத்தைக்கூட என்னால் அசைக்க முடியவில்லை. அனுப்பும் கட்டணத்தை ஈதர் என்ற இன்னொரு கிரிப்டோ நாணயத்தில்தான் கட்ட வேண்டும், என்னிடம் ஈதர் இல்லை. வேலைத்தலத்து அண்ணா ஒருவரிடம் போய் நின்றேன்.

“தங்கச்சி, உங்கட வாலட்டில ஈதரே இல்லையே, பிறகு எப்பிடிப் போகும்?” என்றவர், தன் வாலட்டிலிருந்து 300 ரூபா அளவுக்கு அனுப்பிவிட்டார். 2024 மார்ச்சில் ஈதரியத்தில் வந்த டென்கன் மேம்படுத்தலுக்குப் பிறகு இந்த வலைகளில் கட்டணம் மிகக் குறைவு. அந்த 300 ரூபாவில் மிச்சம் இன்றும் கிடக்கிறது. முகவரி கொடுக்கும்போதே எந்த வலை என்று கேட்டு, கொஞ்சம் ஈதருக்கும் வழி செய்து வையுங்கள். விற்பதற்கு நீங்கள் அனுப்பப் போகும் தளம் அந்த வலையை ஏற்காவிட்டால் காசு திரும்பி வராமலே போகலாம்.

ரூபாவாக்குவதுதான் எனக்குப் பிடிக்காத பகுதி. இலங்கை மத்திய வங்கி கிரிப்டோ தொழிலுக்கு எவருக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று 2022இல் பகிரங்கமாக எச்சரித்தது. டெபிட், கிரெடிட் அட்டைகளைக் கிரிப்டோக் கொடுக்கல் வாங்கலுக்குப் பாவிக்கக் கூடாது என்ற பணிப்புரையும் 2021இலேயே வந்துவிட்டது. ஏதும் பிசகினால் முறையிட இடமில்லை என்று தெரிந்துதான், ஆளுக்கு ஆள் விற்கும் ஒரு தளத்தில் முதலில் 20 மட்டும் போட்டேன். வாங்குபவரின் பெயர் ஒன்று, என் வங்கிக் கணக்குக்குக் காசு வந்த பெயர் வேறொன்று. களவுக் காசு இப்படித்தான் கைமாறும் என்று அண்ணா எச்சரித்திருந்தார். தளம் பிடித்து வைத்திருந்த யுஎஸ்டிசியை நான் விடுவிக்கவில்லை. தளத்துக்கு அறிவித்து, காசை வந்த கணக்குக்கே திருப்பினேன். அந்த இரண்டு நாளும் சரியாக நித்திரையில்லை. பிறகு பெயர் பொருந்திய ஒருவருக்கு 100 விற்றேன். மிச்சம் 50 வாலட்டில் இருக்கிறது. யுஎஸ்டிசி டொலரோடு கட்டியது என்றாலும் 2023 மார்ச்சில் 90 சதத்துக்கும் கீழே போய் மீண்டது, ஆகவே அதில் பெரிய தொகையைத் தேக்கி வைக்க மாட்டேன்.

அந்த விற்பனைக்குப் பிறகு மெயின்டெய்னரிடம் விளக்கமாக எழுதிக் கேட்டேன்: அடுத்த தடவை வங்கி வழியாக அனுப்ப முடியுமா? 200 டொலருக்கு மேல் சேர்ந்தால் அனுப்பலாம் என்றார். எனக்கு அது நல்ல ஏற்பாடு. வெளிநாட்டுக்குச் செய்த சேவைக்கு வங்கி வழியாக வரும் வருமானத்துக்கு 2025 ஏப்ரல் முதல் வரி அதிகபட்சம் 15 வீதம், கணக்குக் காட்டவும் கையில் தாள் இருக்கும்.

இப்போது அதே நிரலின் தேடலில் இன்னொரு வழுவோடு இருக்கிறேன். ‘கொ’வில் வரும் ொ குறியைச் சில விசைப்பலகைகள் ஒரே குறியாகத் தருகின்றன, சில ெ, ா என்று இரண்டாகத் தருகின்றன. திரையில் இரண்டு கொழும்பும் ஒன்றுபோலத் தெரியும். ஒன்றில் எட்டுக் குறி, மற்றதில் ஒன்பது. ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. டெஸ்டை மட்டும் எழுதி நேற்றிரவு அனுப்பினேன், இன்னும் பதில் வரவில்லை.