இரண்டு புட்டி

நோய்க்குறியியல் ஆய்வகத்தில் இருக்கிற எனக்குக் குழந்தைகளை நேரில் பார்க்க அநேகமாக வாய்ப்பில்லை. திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவம் நிரம்பிய புட்டியில் சதைத்துணுக்கு வரும், கூடவே ஒரு தாள் வரும். அன்றைய தாளில் இரண்டே வரி: ஏழு வயது, நெற்றியெலும்பில் ஓட்டை. லாங்கர்ஹான்ஸ் செல் ஹிஸ்டியோசைட்டோசிஸா?

ஒருவகை நோயெதிர்ப்புச் செல்கள் அளவுமீறிப் பெருகி எலும்பை அரிக்கும் நோய் அது. கேள்வியில் தப்பில்லை. குழந்தையின் மண்டையோட்டில் துளைகருவி வைத்துக் குத்தியதுபோல வட்ட ஓட்டை தெரிந்தால் யாருக்கும் அதுதான் முதலில் தோன்றும். காசநோய் சட்டென்று தோன்றாது. எலும்புக் காசநோய் என்றால் நினைவுக்கு வருவது முதுகெலும்பு, இடுப்பு, முழங்கால். கிருமி ரத்தத்தில் வந்து, மண்டையோட்டின் இரண்டு தகடுகளுக்கு நடுவிலுள்ள பஞ்செலும்பில் தங்குவது அபூர்வம்.

ஸ்லைடை வைத்துப் பார்த்தேன். நடுவில் பாலாடைக்கட்டிபோல செத்த திசு. அதன் ஓரத்தில் ஒரு பெரிய செல், உட்கருக்களைக் குதிரைலாடம்போல விளிம்பில் அடுக்கிக்கொண்டு. காசநோயில் காணப்படும் லாங்ஹான்ஸ் செல்! பெயர்களுக்கு நடுவே ஒரு 'கர்'தான் வித்தியாசம். நோயோ முற்றிலும் வேறு. பயிற்சிக் காலத்தில் இரண்டையும் மாற்றி எழுதிப் பேராசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் காசநோய்க் கிருமிக்கான சாயம் ஏற்றி ஒரு மணி நேரம் தேடினேன். ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. குழந்தைகளிடம் கிருமி குறைவாகத்தான் இருக்கும். வளர்த்துப் பார்ப்பது நல்ல வழி. அறுவை மருத்துவருக்கு போன் போட்டேன்.

"சார், உப்புநீரில் கொஞ்சம் எடுத்து வைத்தீர்களா?"

"இல்லையே, எல்லாத்தையும் ஃபார்மலின்ல போட்டாச்சு."

ஃபார்மலினில் விழுந்த கிருமி வளராது. எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் மிச்சக் கதையைக் கேட்டபோது அவர்மேல் மட்டும் கோபப்பட முடியவில்லை. நெற்றி வீக்கம் மூன்று மாதமாக இருந்திருக்கிறது. வலியில்லை, சூடில்லை. சாதாரணக் கட்டி என்று வேறெங்கோ கீறிவிட்டிருக்கிறார்கள். புண் ஆறாமல் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. வலிக்காத, சுடாத சீழ்க்கட்டி என்றால் கத்திக்கு முன்னால் காசநோயை நினைத்திருக்க வேண்டும்.

நல்லவேளை, ஊசி போட்டு உறிஞ்ச இன்னும் சீழ் இருந்தது. கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பெர்ட் சோதனையில் காசநோய் உறுதியானது, முக்கியக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படும் ரகம். நான்கு மருந்தில் சிகிச்சை தொடங்கியது.

ஒரு வாரம் கழித்துச் சிறுவனின் அம்மா ரத்தப் பரிசோதனைக்காக ஆய்வகத்துக்கு வந்தார். "சார், பையனுக்கு மூத்திரம் செக்கச்செவேல்னு போகுது" என்றார் பதறி. ரிஃபாம்பிசினின் நிறம் அது என்று சொல்லி அனுப்பினேன்.

இப்போதெல்லாம் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து மண்டையோட்டு ஓட்டை என்று போன் வந்தாலே, "இரண்டு புட்டி, ஒன்றில் உப்புநீர்" என்றுதான் ஆரம்பிக்கிறேன். அறுவை மருத்துவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.