பாதி நடைபாதையைப் பூசிவிட்டுப் போனார்கள். மீதிக்கு நான் அலைந்தது

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்திலிருந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் நடைபாதை ஒருவழியாகச் சரியாகிவிட்டது. போன வாரம் அம்மாவைச் சக்கர நாற்காலியில் தேக்கா சந்தை வரைக்கும் அழைத்துப் போய்வந்தேன். பெரிய நிம்மதி. ஆனால் இதற்காகப் பட்ட பாடு மனதில் இன்னும் ஆறவில்லை. இதே சிக்கலில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று நிற்கிறது. அதன் வேர் நடைபாதைக் கல்லைத் தூக்கிவிட்டது. நடந்து போகிறவர் தாண்டிவிடுவார். சக்கர நாற்காலியின் முன்சக்கரங்களோ சின்னவை. அந்த விளிம்பில் முட்டினால் நாற்காலி சட்டென்று நின்றுவிடும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிவார். அம்மா அப்படிச் சரிந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார். அதன்பிறகு வெளியே கூப்பிட்டாலே "வேண்டாம்மா" என்பார். 2020 முடிவிலிருந்து இங்கே எல்லாப் பொதுப் பேருந்துகளிலும் சக்கர நாற்காலியோடு ஏறலாம். ஓட்டுநரே இறங்கிவந்து சாய்தளத்தை விரித்துவிடுகிறார். ஆனால் நிறுத்தம் வரைக்குமே போக முடியாதவருக்கு அதனால் என்ன பயன்?

குடியிருப்புப் பகுதிக் குறைகளை அரசாங்க அமைப்புகளுக்குத் தெரிவிக்கும் ஒன்சர்வீஸ் செயலியில் படத்தோடு புகார் போட்டேன். அது சுலபமாக முடிந்தது. கொஞ்ச நாளில் 'பணி முடிந்தது' என்று பதிலும் வந்தது. இறங்கிப் போய்ப் பார்த்தால் வயிறு எரிந்தது. புளோக் பக்கத்துப் பாதையை மட்டும் புதுச் சிமெண்டு போட்டுச் சமன் செய்திருந்தார்கள். அந்தச் சிமெண்டு ஒரு நேர்க்கோட்டில் நின்றிருந்தது. கோட்டுக்கு அப்பால், தூக்கிக்கொண்டிருந்த கல் அப்படியே கிடந்தது. முன்பு கொஞ்சமாவது சரிவாக இருந்த இடம் இப்போது இரண்டு விரல் உயரத்துக்குப் படியாகிவிட்டது.

தொலைபேசியில் கேட்டேன். எந்த அலுவலகம் என்று சொல்ல விரும்பவில்லை. எடுத்தவர், "உங்கள் புகார் முடிந்ததாகத்தான் காட்டுகிறது, மேடம்" என்றார். பாதிதான் முடிந்திருக்கிறது என்றேன். "மீதி எங்கள் இடமில்லை." அப்படியானால் யாருடைய இடம்? "தெரியவில்லை. புதிதாக ஒரு புகார் கொடுங்கள்." ஒரு வயதானவர் வீட்டைவிட்டு இறங்க முடியாமல் இருக்கிறார் என்று சொன்ன பிறகும் அதே பதில்தான். குரலில் துளி அக்கறை இல்லை.

யாருடைய இடம் எது என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பேட்டைக்குள் இருக்கும் பாதை, கீழ்த்தளம், மின்தூக்கி இவை நகர மன்றத்தின் பொறுப்பு. சாலையோர நடைபாதையையும் பேருந்து நிறுத்தத்தையும் நிலப் போக்குவரத்து ஆணையம் பார்க்கிறது. சாலையோர மரங்கள் தேசியப் பூங்காக் கழகத்தின் கையில். எங்கள் சிக்கல் இந்த மூன்றும் சந்திக்கிற இடத்தில் இருந்தது. அதனால்தான் புளோக் எண்ணை மட்டும் போட்ட புகார் பாதி வழியில் நின்றுவிட்டது.

சரி, தொகுதி மக்கள் நேரில் போய் உதவி கேட்கும், நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போகலாம் என்று முடிவு செய்தேன். மின்தூக்கிக்குப் பக்கத்து அறிவிப்புப் பலகையில் போட்டிருந்த இடத்துக்கு வேலை முடிந்த கையோடு ஓடினேன். வெகுநேரம் காத்திருந்து என் முறை வந்ததும் அஞ்சல் குறியீட்டைத் தட்டிப் பார்த்த தொண்டூழியர், எங்கள் புளோக் இப்போது வேறு உறுப்பினரின் வட்டாரம் என்றார். குழுத்தொகுதியில் நான்கு அல்லது ஐந்து உறுப்பினர்கள் இருப்பார்கள், ஆளுக்கொரு வட்டாரத்தைப் பார்த்துக்கொள்வார்கள். 2025 தேர்தலுக்குப் பிறகு அந்தப் பிரிவினை மாறியிருக்கிறது. தொகுதிப் பெயர் மாறாததால் எங்கள் வரிசையில் பலருக்கு இது தெரியாது. பலகையில் இருந்த பழைய தாளையும் யாரும் எடுக்கவில்லை. கிளம்பும் முன் உங்கள் அஞ்சல் குறியீட்டைச் சொல்லி விசாரித்துவிடுங்கள்.

சரியான இடத்துக்குப் போன மாலை நிலைமை வேறாக இருந்தது. பதிவு செய்யும்போதே தமிழ் பேசுகிறவர் இருக்கிறாரா என்று கேட்டேன்; இருந்தார். அந்த அண்ணன் படத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "விளக்குக் கம்பத்து நம்பர் இருக்காம்மா?" சாலையோரக் கம்பம் ஒவ்வொன்றிலும் எண் ஒட்டியிருக்கும். அதையும் நிறுத்தத்தின் ஐந்திலக்க எண்ணையும் கொடுத்தால் யாரும் இடம் தெரியவில்லை என்று சொல்ல முடியாதாம். உடனே மகனுக்கு வாட்ஸ்அப்பில் சொன்னேன். அவன் கீழே ஓடி, அளவு நாடாவை அந்தப் படியில் வைத்துப் படம் எடுத்து, கம்ப எண்ணையும் சேர்த்து அனுப்பிவிட்டான். அவனை அங்கேயே மெச்சினார் அண்ணன்.

இன்னொன்றும் அவர் சொல்லித்தான் தெரியும். நகர மன்றத்தை நடத்துவது உறுப்பினர்கள்தான், அங்கே அவர்கள் சொன்னால் நடக்கும். மற்ற அமைப்புகளுக்குக் கடிதம்தான் எழுத முடியும், உத்தரவு போட முடியாது. அதனால் தனித்தனியாக எழுதாமல், மூன்று இடத்துக்கும் ஒரே கடிதம் எழுதி, ஒரே நேரத்தில் வந்து பார்க்கச் சொல்லிக் கேட்டோம். உறுப்பினர் படத்தைப் பார்த்து, அம்மாவைப் பற்றி விசாரித்து, கையெழுத்துப் போட்டார். இந்த ஒரு வரிதான் எங்களைக் காப்பாற்றியது: 'ஒரே நேரத்தில், ஒரே இடத்தில்.'

மூன்று அமைப்புகளின் அதிகாரிகளும் வந்த காலை நானும் இறங்கிப் போனேன், காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு. வாயால் விளக்குவதைவிட, அந்த விளிம்பில் ஒரு தடவை முட்டிக் காட்டியது போதுமாக இருந்தது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி வேரை வெட்டச் சொன்னார். பெரிய வேரை வெட்டினால் மரத்துக்குப் பிடிமானம் போய்விடும் என்று விளக்கினார்கள். எனக்கும் அந்த நிழல் போவதில் சம்மதமில்லை. கடைசியில் வேரின் மேலேயே பாதையை உயர்த்தி, இரண்டு பக்கமும் சரிவு கொடுத்தார்கள். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பது சாய்தளத்துக்கு இங்கே பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அதைவிடச் செங்குத்தாக இருந்தால் தள்ளுகிறவருக்குத்தான் சிரமம், கவனித்துக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

உங்களுக்கு வரும் பதில் கடிதத்தில் 'பரிசீலிக்கிறோம்' என்று மட்டும் இருந்தால் புதுப் புகார் போடாதீர்கள். கடித எண்ணைக் குறித்துக்கொண்டு, பழைய புகார் எண்களையும் 'முடிந்தது' என்று வந்த பதிலையும் அச்செடுத்து, அடுத்த சந்திப்புக்கே திரும்பப் போங்கள்.