ட்ரெபிளைத் தொடும் முன்

அமெரிக்காவில், கன்ட்ரி என்னும் இசை வகைக்குப் பேர்போன நாஷ்வில்லில் ஒரு ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு வேலை எனக்கு. கன்ட்ரி பாட்டுக்கு வாசிக்க வரும் இளம் கிட்டார் கலைஞர்கள் பலர், கேபிளைச் சொருகியதுமே, ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பில் ட்ரெபிளை, அதாவது கீச்சான மேல் ஒலிகளை, கூட்டிவிடுகிறார்கள். காது கூசுகிறதே தவிர, அவர்கள் கையிலுள்ள டெலிகாஸ்டர் எலக்ட்ரிக் கிட்டார் கணீரென்று பேசுவதில்லை. அந்தப் பளிச்சென்ற ஒலி பெரும்பாலும் கம்பி மீட்டப்படும் முதல் கணத்தில் பிறந்துவிடுகிறது. அது மழுங்காமல் மைக் வரை வந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.

கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1950-இல் பிராட்காஸ்டர் என்ற பெயரில் விற்று, மறு ஆண்டே டெலிகாஸ்டர் ஆன கிட்டார் அது. கம்பிகள் கிட்டாரின் உடலில் வந்து தங்கும் இடம் பிரிட்ஜ்; கம்பியின் அதிர்வைக் காந்தத்தால் மின்சைகையாக மாற்றுவது பிக்அப். டெலிகாஸ்டரில் பிரிட்ஜை ஒட்டிய பிக்அப், உலோகத் தகட்டின் நடுவே சாய்வாக உட்கார்ந்திருக்கும். மெல்லிய கம்பிகளின் பக்கம் பிரிட்ஜுக்கு இன்னும் நெருக்கம். பிரிட்ஜை நெருங்க நெருங்க அடிநாதம் இளைத்து, அதன் மேலே ஒலிக்கும் நுண்ணிய மேல்சுருதிகளான ஹார்மோனிக்ஸ் தூக்கலாகும். 1960-களில் நாஷ்வில் பாட்டுகள் வயலின் கூட்டமும் கோரஸுமாக மென்மையாகிக்கொண்டிருந்தபோது, கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் பாடகர் பக் ஓவன்ஸும் அவருடைய கிட்டார் கலைஞர் டான் ரிச்சும் டெலிகாஸ்டரை முன்னால் நிறுத்திப் பாடியதன் வேகத்தை இன்றும் கேட்கலாம்.

ஆகவே நான் முதலில் கேட்பது ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஸ்டீல் ஸ்கேலும். கிட்டாரின் கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகக் கோடுகளில் (ஃப்ரெட்) கடைசியானதில் கம்பியை அழுத்திக்கொண்டு, கம்பியின் அடிப்பக்கத்துக்கும் பிக்அப்பின் காந்தத் தலைக்கும் உள்ள இடைவெளியைப் பார்ப்போம். தடித்த கம்பிப் பக்கம் 2 மி.மீ., மெல்லிய பக்கம் 1.6 மி.மீ. என்று தொடங்குவது வழக்கம். பலருடைய கிட்டாரில் சத்தம் அதிகம் வேண்டுமென்று பிக்அப்பை மேலே ஏற்றி வைத்திருப்பார்கள். அப்போது காந்தம் கம்பியைப் பிடித்து இழுக்கும், சுருதியே தள்ளாடும். கால் சுற்று, அரைச் சுற்று என்று இறக்கிக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில், பல கம்பிகளைச் சேர்த்து மீட்டும் கார்டிலும் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் காதில் விழும். எனக்கு ரொம்பப் பிடித்த நிமிடம் அது.

அடுத்தது ஆம்ப். நாங்கள் வைப்பது ஃபெண்டரின் ட்வின் ரிவர்ப்: 85 வாட், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர். சிறிய ஸ்டுடியோ அறைக்கு இவ்வளவு சக்தி எதற்கு என்று கேட்பார்கள். மீட்டும் கணத்தின் எழுச்சி, அதைத் தொடரும் நாதத்தைவிடப் பல மடங்கு பெரியது. ஆம்ப்பில் இடம் போதாவிட்டால் அந்த எழுச்சிதான் முதலில் நசுங்கும். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸரிலும் இதே கதை: அது எவ்வளவு விரைவாக அமுக்கத் தொடங்கும் என்பதை முடிவுசெய்யும் அட்டாக்கைக் கொஞ்சம் மெதுவாக வைத்தால் எழுச்சி தப்பிவிடும், பின்னால் வரும் நாதம் மட்டும் அமுங்கி நீளும். நீளமான கேபிளைத் தவிர்ப்பதும் நல்லது. அதன் மின்தேக்கும் தன்மை (கெபாசிட்டன்ஸ்) மேல் அலைவரிசைகளைத் தின்றுவிடும்.

கையும் முக்கியம். கன்ட்ரி கிட்டார் கலைஞர்கள், மீட்டும் சிறு தகடான பிக்கை இரண்டு விரலில் பிடித்தபடியே, நடுவிரலாலும் மோதிர விரலாலும் கம்பியை மேலே கவ்வி விடுகிறார்கள். அது திரும்பி வந்து ஃப்ரெட்டில் அறையும் 'டக்'கை எந்தக் குமிழைத் திருப்பியும் வரவைக்க முடியாது.

மிக்ஸில் நான் செய்வது குறைவு. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை பேஸ் கிட்டாருக்கு விட்டுவிடுவேன். 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் பாடகரின் சொற்களுக்கும் தெளிவு தரும் இடம் என்பதால், அங்கே கிட்டாரை ஏற்றத் தயங்குவேன். பாட்டு வரிக்குக் கிட்டார் சொல்லும் சின்னச் சின்னப் பதில்களை, கலைஞரிடம் வரிகளுக்கு நடுவில் வாசிக்கச் சொல்வேன். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் வந்தால் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் உறுத்தாது.