ஸ்பிளெண்டர் ஹெட்டில் உடைந்த ஸ்டட்டுக்குப் படிகாரம் போட்ட கதை

ஒன்பது நாளாகப் படுத்திய இரண்டாவது ஸ்டட் (எஞ்சினின் தலைப்பகுதியான ஹெட்டில் சைலன்சரைப் பிடித்து நிறுத்தும், தலையில்லாத போல்ட்) நேற்று இரவு வெளியே வந்துவிட்டது. வந்தது என்பதைவிடக் கரைந்தது என்பதே சரி.

வண்டி, அப்பா 1999-ல் வாங்கிய ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர். சைலன்சர் ஹெட்டில் சேரும் இடத்தில் புகை கசிந்தது. இடையில் இருக்கும் கேஸ்கெட்டை, அதாவது கசிவைத் தடுக்கும் வளையத்தை மாற்றினால் போதும், அரைமணி நேர வேலை என்றுதான் உட்கார்ந்தேன். இது படுத்த எஞ்சின். சைலன்சர் வாய் கீழே, முன்சக்கரம் வாரியடிக்கும் சேற்றுக்கு நேராக இருக்கிறது. நாங்கள் குடியிருப்பதோ திருவொற்றியூரில், உப்புக்காற்றுக்குக் கேட்கவே வேண்டாம். 10 ஸ்பானரைப் போட்டதும் நட்டு அசைந்தது. மகிழ்ச்சியில் இன்னும் கால் சுற்று கொடுத்தேன். உண்மையில் நட்டு அசையவே இல்லை, ஸ்டட்தான் முறுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. 'டிக்' என்று ஒரு சத்தம். புத்தி வராமல் அடுத்ததிலும் அதே தவறைச் செய்தேன்.

ஹெட்டைக் கழற்றிய கதை வேண்டாம், எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதல் ஸ்டட் நான்கு மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் அது பெரிய பாடில்லை. தெருமுனை வெல்டிங் பட்டறையில் 8 நட்டை அதன்மேல் வைத்து நடுத்துளையை வெல்டால் நிரப்பச் சொன்னேன். சூடு பட்டால் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரிகிறது. மரையின் (திருகு வரிகளின்) பிடி தளர்வது அதனால்தான். சிவப்பு அடங்கியதும் மெழுகுவர்த்தியை ஸ்டட்டின் வேரில் தேய்த்தேன், உருகிய மெழுகு உள்ளே இறங்கியது. முதல் நட்டு பிய்ந்துகொண்டது. இரண்டாவதை முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்ட ஆட்ட, கிறீச்சிட்டுக்கொண்டே வந்துவிட்டது.

அந்த வெற்றி தலைக்கேறியதுதான் வினை. இரண்டாவது ஸ்டட் ஹெட்டின் முகத்துக்கும் கீழே உடைந்திருந்தது. நடுவில் பஞ்ச் வைத்து 3 மில்லிமீட்டர் துளை போட்டு, உடைந்த திருகை வெளியே எடுக்கும் கருவியான ஈஸி அவுட்டைப் புதிதாக வாங்கி இறக்கினேன். அந்தக் கருவியின்மேல் எனக்கு இருக்கும் கோபத்தை இங்கே முழுதாக எழுத முடியாது. கூம்பு வடிவம் இறங்க இறங்க, ஸ்டட்டை வெளியே திருப்புவதோடு அதைப் பக்கவாட்டிலும் விரிக்கிறது. ஏற்கெனவே துருவில் இறுகியதை மேலும் இறுக்குகிறது. கடைசியில் ஸ்டட் அசையவில்லை, ஈஸி அவுட்தான் உள்ளேயே ஒடிந்தது. அது கடினமாக்கப்பட்ட எஃகு. சாதாரண டிரில் பிட் அதன்மேல் வழுக்கிப் பக்கத்து அலுமினியத்தைத்தான் தின்னும். ஆறு மில்லிமீட்டர் ஸ்டட்டுக்கு இனி ஈஸி அவுட்டைத் தொடமாட்டேன்.

லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கிப் புஷ் (உள்ளே மரை வெட்டிய உலோகக் குழல்) போடலாம் என்றார்கள். அதற்கு முன் ஒன்றைச் செய்து பார்க்க ஆசை. கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் பித்தளைப் பாகத்தில் ஒடிந்த எஃகுத் திருகைப் படிகார நீரில் கரைத்து எடுப்பார்கள். கரைசல் லேசான அமிலம். இரும்பைத் தின்னும், அலுமினியத்தைப் பெரும்பாலும் விட்டுவிடும். நாட்டு மருந்துக் கடையில் 200 கிராம் வாங்கினேன். "திருஷ்டிக்கா, தம்பி?" என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன், அதுவும் பொய்யில்லை.

ஹெட்டை அப்படியே முக்கிவிடக் கூடாது. வால்வு அமரும் வளையமும் வால்வு கைடும் இரும்புச் சாதி, அவையும் சேர்ந்து போய்விடும். ஆகவே சைலன்சர் வாயைத் துணியால் அடைத்து, ஸ்டட் துளையைச் சுற்றி மட்டும் எம்சீலால் விரல் உயரத்துக்கு வரப்பு கட்டினேன். வெந்நீரில் படிகாரத்தைக் கரையும் மட்டும் கரைத்து அதில் ஊற்றி, ஹெட்டைத் தோசைக்கல்லில் வைத்து, அடுப்பை முடிந்த அளவு குறைத்தேன். பத்து நிமிடத்தில் நூல் பிடித்தாற்போலக் குமிழிகள் எழுந்தன. ஆறினால் குமிழி நின்றுவிடும். நீர் வற்றினால் படிகாரம் உப்பாகப் படிந்து துளையை மூடிவிடும். ஆக, பக்கத்திலேயே உட்கார்ந்து சொட்டுச் சொட்டாக வெந்நீர் விட வேண்டும், கறுத்த சகதியை ஊசியால் கிளறி எடுத்துவிட்டுப் புதுக் கரைசல் ஊற்ற வேண்டும். தினமும் வேலை முடிந்து வந்து மூன்று மணி நேரம் இதே தவம். அந்தத் தோசைக்கல்லை இனி நானே வைத்துக்கொள்ளும்படி அம்மா சொல்லிவிட்டார்.

ஐந்தாம் நாள் ஈஸி அவுட் துண்டு பல் ஆடுவதுபோல் ஆடியது, காந்தத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. மிச்சமிருந்த ஸ்டட் முட்டை ஓடு கனத்துக்கு மெலிந்திருந்தது. நேற்று ஊசியால் அதை உள்பக்கமாக மடக்கிப் பிய்த்தபோது, அடியில் பழைய மரை பளிச்சென்று தெரிந்தது! மரையைச் சீராக்கும் 6-க்கு 1 டேப்பை (6 மில்லிமீட்டர் விட்டம், 1 மில்லிமீட்டர் மரை இடைவெளி) கையாலேயே இறக்கினேன், தடங்கலில்லை.

புது ஸ்டட்டுகள் புதுப்பேட்டையில் வாங்கியவை. பழைய துண்டைக் கையோடு கொண்டுபோவது நல்லது. நீளம் குறைந்ததை எடுத்துக் கொடுத்து 'இதேதான்' என்கிறார்கள். நட்டுகளைப் பாரிமுனைப் பக்கம் தேடிப் பித்தளையில் வாங்கினேன், அவை துருவேறி இறுகுவதில்லை.

ஸ்டட் இன்னும் மாட்டவில்லை, எம்சீல் வரப்பைச் சுரண்டும் வேலையும் பாக்கி. அதற்குள், ஹெட் கையில் இருக்கும்போதே வால்வு தேய்த்துவிடலாமே என்று கிரைண்டிங் பேஸ்ட் வாங்கி வந்துவிட்டேன். சிலிண்டரையும் கழற்றிப் பிஸ்டன் ரிங்கைப் பார்க்கலாமா என்று யோசனை ஓடுகிறது. அப்பா தினமும் பஸ்ஸில் போய்வருகிறார், எதுவும் கேட்பதில்லை.