மேலயா, கீழயா

"மேலயா கீழயாம்மா? அதை மட்டும் சொல்லுங்க." ஒரு நோயாளியின் ஸ்கோர் கோட்டுக்கு மேலயா கீழயா என்று, லேபில் இருந்த என்னிடம் வார்டிலிருந்து டாக்டர் போனில் கேட்டது இவ்வளவுதான். "மேல" என்றேன். மூன்று வருடம் ஆகியும் அந்த ஒரு சொல் என்னை விடவில்லை.

ஏஎம்எல் என்ற ரத்தப் புற்றுநோய் வந்த நோயாளி, வயது 41. குரோமோசோம் சோதனையில் நடுத்தர ரிஸ்க் என்று வந்தது. கீமோ போதுமா, மஜ்ஜை மாற்று வேண்டுமா என்று அதை வைத்து எந்தப் பக்கமும் முடிவெடுக்க முடியாது. அதனால்தான் 17 ஜீன் ஸ்கோரைக் கேட்டார்கள். டொரன்டோ குழு 2016-ல் வெளியிட்டது. 78 நோயாளிகளின் லுகேமியா செல்களைப் பிரித்து எலிகளில் செலுத்தி, எந்தப் பிரிவு அங்கே மறுபடி நோயாக வளர்கிறது என்று பார்த்தார்கள். அப்படி நோயை மறுபடி வளர்ப்பவைதான் லுகேமியா ஸ்டெம் செல்கள். அவற்றில் கூடுதலாக இயங்கும் ஜீன்களிலிருந்து சலித்தெடுத்தவை இந்த 17. ஸ்கோர் கூடினால் வழக்கமான கீமோவுக்கு நோய் சரியாகக் கட்டுப்படுவதில்லை. அந்த ஆய்வை இன்றும் நம்புகிறேன்.

ஆனால் மேல், கீழ் என்று பிரிக்கும் கோடு, ஒரு நோயாளிக் கூட்டத்தை ஸ்கோர்படி வரிசையாக நிறுத்தி நடுவில் வெட்டியது. உச்சியில் இருப்பவரும் 'மேல்', கோட்டை ஒட்டி நிற்பவரும் 'மேல்'. இவர் ஒட்டித்தான் நின்றார். என் திரையில் அது தெரிந்தது. சொல்லவில்லை.

கேட்டதற்குத்தானே பதில் சொன்னேன்? ரிப்போர்ட்டின் அடியில் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று இருந்தது. அவருடைய அண்ணனின் மஜ்ஜை பொருந்தியிருந்தது, மாற்று சிகிச்சை எப்படியும் நடந்திருக்கும் என்று டாக்டரே பிறகு சொன்னார். அப்படியென்றால் அன்று ஏன் அவ்வளவு அவசரமாகக் கேட்டார்?

மாற்று சிகிச்சை முடிந்த நான்காம் மாதம் அந்த நோயாளி இறந்துவிட்டார். லுகேமியா திரும்பவில்லை. அண்ணனின் செல்கள் அவர் குடலைத் தாக்கின, அப்புறம் தொற்று. அதற்குப் பிறகு தரச் சோதனைக்காக, ஸ்கோரை அளக்க அவர் செல்களிலிருந்து எடுத்து மிச்சமிருந்த ஆர்என்ஏவை மறுபடி ஓட்டினேன். கோட்டுக்குச் சற்றுக் கீழே வந்தது. இயந்திரத்தில் கோளாறு இல்லை, இந்த அளவு ஆட்டம் எப்போதும் இருப்பதுதான். இதை டாக்டரிடம் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆனது.

'கீழ' என்று சொல்லி, கீமோவோடு நிறுத்தி, நோய் திரும்பியிருந்தால்? அப்போதும் இதே போல உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பேன்.

இப்போதெல்லாம் கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் ரிப்போர்ட்டில் எழுதுகிறேன். போன வாரம் இன்னொரு நோயாளிக்காக அதே டாக்டர் கூப்பிட்டார். "சரிம்மா, ரொம்ப ஒட்டியிருக்கு. அப்ப அவங்க வீட்ல நான் என்ன சொல்லட்டும்?"

என்னிடம் பதில் இல்லை. அவரும் போனை வைக்கவில்லை.