சிவப்பணுவின் சாட்சியம்

நேற்று அப்பாவின் சர்க்கரைப் பரிசோதனை முடிவு வந்தது. பரிசோதனை நெருங்கினால் அவர் என்ன ஆவார் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். மூன்று நாட்களுக்கு முன்பே வெந்தயத் தண்ணீர், பாகற்காய், இரவில் இரண்டே கோதுமை தோசை என்று துறவு பூண்டு, தெருமுனை இனிப்புக் கடையைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். வெறும் வயிற்றில் 108 என்று வந்துவிட்டால், அந்தப் புனித எண்ணைப் பால்காரர் வரைக்கும் அறிவித்துவிட்டு, அன்று மாலையே ஜாங்கிரியோடு துறவை முடித்துக்கொள்வார்.

இம்முறை வசமாக மாட்டிக்கொண்டார். புதிய மருத்துவர், போன தடவையே, அடுத்த முறை மூன்று மாதச் சராசரியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். ரத்தச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள் உயிரோடிருக்கும். அத்தனை நாளும் ரத்தத்தில் ஓடிய சர்க்கரை அதிலுள்ள ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டு, நேரம் வரும்போது காட்டிக்கொடுத்துவிடும். வீட்டுப்பாடம் எழுதாததற்காக இல்லாத பாட்டியைச் சாகடித்த மாணவர்களையெல்லாம் 34 ஆண்டுகள் பெஞ்சு மேல் ஏற்றிய தமிழாசிரியர், தம் உடம்புக்குள்ளேயே இத்தனை கோடி கோள்சொல்லிகள் உலவுவதைப் பொருட்படுத்தவில்லை. வெறும் வயிற்றில் 112; ஆனால் ஏழுக்குக் கீழே இருக்க வேண்டிய சராசரி 8.6.

"இனிப்பு சாப்பிடுவதுண்டா, ஐயா?"

"நாக்கில் படுவதே இல்லை."

மருத்துவர் காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். அப்பா சற்றும் தளராமல் 292ஆம் குறளை எடுத்துவிட்டார்: குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும். ஜாங்கிரியால் யாருக்கு என்ன நன்மை என்று மருத்துவர் கேட்கவில்லை. கேட்டால் பரிமேலழகரையும் அழைத்து வந்துவிடுவார் என்று அஞ்சியிருக்கலாம். "தன்நெஞ் சறிவது பொய்யற்க" என்று அடுத்த குறளிலேயே வள்ளுவர் வைத்திருக்கும் குட்டு மட்டும் தமிழாசிரியருக்கு ஏனோ நினைவுக்கு வரவில்லை.

பிறகு மருத்துவர் என் தொந்தியைப் பார்த்து, நடைப்பயிற்சி உண்டா என்றார். "தினமும் அரைமணி நேரம்" என்றேன். நான் யார் பிள்ளை?

ஆட்டோவில் அப்பா வாய் திறக்கவில்லை. அந்தச் சராசரி ஏழுக்குக் கீழே வரும்வரை தனக்கும் காபியில் சர்க்கரை வேண்டாம் என்று அம்மா மூன்று மாதமாகக் கசப்புக் காபியை மூக்கைச் சுளித்துக் குடித்துக்கொண்டிருக்கிறாள்.

நாங்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் அடுக்களையிலிருந்து குரல் வந்தது: "எவ்வளவு?"

"ஆறு புள்ளி எட்டு" என்றார் அப்பா, சுவரைப் பார்த்துக்கொண்டு. நான் மருத்துவமனைக் கோப்பை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், "ஆமாம்" என்றேன்.

அம்மா தன் டம்ளரில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு, டபராவில் நுரை பொங்க ஆற்றி, நின்றபடியே ஒரு வாய் குடித்தாள். பிறகு அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து ஒரு ஜாங்கிரிப் பொட்டலத்தை எடுத்து, அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வரும்படி என் கையில் வைத்தாள். அது அங்கே இருப்பது அப்பாவுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும் என்று நாங்கள் இருவரும் நம்பியிருந்தோம்.